அக்கா குடித்திருந்தாள்

டத்தோ கிராமாட், பினாங்கு
22 ஆகஸ்ட் 1988

அருந்ததிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீயும் விசாரிக்க வேண்டாம்.

பெர்த் விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாயே, அப்போதே கேட்டிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஆட்களுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அந்த வாரம்தான் எனக்குக் காட்டியிருந்தாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். நான் குடித்திருந்தேன் என்று எப்படியடி சொன்னாய்?

வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள் நான். எங்கள் பள்ளிக்கூட விருந்தில் பீர் பாட்டில் இருக்கும் மேசையில்கூட உட்கார மாட்டேன். நீ வைன் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று தெரிந்தபோது எத்தனை மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன், மறந்துவிட்டாயா? பிறகு நானாகவே மனதைத் தேற்றிக்கொண்டு எழுதினேன். கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதானே.

பீப்பாய் ருசி பார்க்கும் வார இறுதி என்று நீ எழுதியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளத்தாக்கில் இருக்கும் சின்னச் சின்ன வைன் கொட்டகைகள் எல்லாம் கதவைத் திறந்து வைப்பார்கள், பாட்டிலில் அடைப்பதற்கு முன்னால் பீப்பாயிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போகலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அங்கே என்ன வேலை? ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "நான் செய்ததை நீங்கள் வந்து பார்க்க வேண்டும் அக்கா." அந்த ஒரு வரிக்காகத்தான் பள்ளி விடுமுறையில் விமானம் ஏறினேன்.

முதல் இடத்தில் ஒரு நாய் என் சேலையை விடாமல் முகர்ந்தது. இரண்டாவது, அந்த விதவை அம்மாள் மிசிஸ் பாவிச்சின் தகரக் கொட்டகை. மழைச் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டு இடத்திலும் நான் வாயில் எதுவும் வைக்கவில்லை. என் பிளாஸ்கில் இருந்த டீயைத்தான் குடித்தேன். மூன்றாவது, உன் முதலாளி லாங்லியின் இடம். அங்கே மட்டும், நீ செய்தது என்பதற்காக, ஒரு வாய் வைத்தேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்தேன். மற்றவர்களைப் போல வாளியில் துப்பினேன். புளித்தது.

அந்த மனிதர் பீப்பாய் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். "மார்ச் மாதம் எல்லோரும் இன்னும் ஒரு வாரம் பொறு என்றார்கள். நான் கேட்கவில்லை. மழைக்கு முந்தின நாள் திராட்சையைப் பறிக்கச் சொன்னேன். இந்த மூக்குக்குத் தெரியும்!" கை தட்டினார்கள். நீ பிஸ்கட் தட்டை ஏந்திக்கொண்டு சிரித்தபடி நின்றாய்.

மார்ச் மாதம் அவர் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பறிக்கச் சொன்னது நீ. கொட்டகையிலேயே படுத்து, தொட்டியில் மேலே மிதந்து வரும் திராட்சைத் தோலை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்ததும் நீ. கை வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை என்று கோணல்மாணலாக எனக்கு எழுதியதும் நீதான்.

அதனால் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "எக்ஸ்கியூஸ் மீ சார், அப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் அல்லவா இருந்தீர்கள்? பறிக்கச் சொன்னது என் தங்கை அல்லவா?"

யாரோ சிரித்தார்கள். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாய். எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாய்: "மன்னித்துக்கொள்ளுங்கள், என் அக்காவுக்குக் குடித்துப் பழக்கமில்லை. கொஞ்சம் அதிகமாகிவிட்டது." அதற்கு அந்தக் கொட்டகையே சிரித்தது. பிறகு என் காதருகே, "அக்கா, பேசாம கெரெத்தாவுல ஏறுங்க லா, ப்ளீஸ்" என்றாய்.

என்னைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனாய். கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் நீட்டினாய்.

மழுப்பாமல் பதில் எழுது.

கமலாம்பிகை


மிட்லண்ட், மேற்கு ஆஸ்திரேலியா
5 செப்டம்பர் 1988

அக்கா,

மழுப்பவில்லை. குடித்தவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அப்படிச் சொன்னேன். லாங்லி அதை நம்ப வேண்டும், அதனால் சத்தமாகச் சொன்னேன். அந்த நிமிஷத்தில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உங்களைக் காரில் விட்டுவிட்டு உள்ளே நடந்தபோது, திரும்பி வந்து உங்களோடு ஏறிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அதெல்லாம் உங்களுக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்திருக்காது.

இப்போது நான் கேட்கிறேன். எனக்காகப் பேசுங்கள் என்று நான் உங்களிடம் சொன்னேனா?

பார்க்க வாருங்கள் என்றுதான் எழுதினேன். பார்த்திருக்கலாமே! என் பீப்பாய் அது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், லாங்லிக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? எனக்குத் தெரிந்தும் நான் வெளியே சொல்லாமல் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் எனக்குப் பிழைப்பு ஓடியது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இன்னும் ஓர் அறுவடை போகட்டும், ஒரு பீப்பாயை உன் பெயரில் போடலாம் என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பிஸ்கட் நீட்டினேன். உங்களிடம் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் "எழுதி வாங்கினாயா?" என்று கேட்டிருப்பீர்கள்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "உன் அக்காவுக்குத் தெளிந்துவிட்டதா?" என்று கேட்டார். பிறகு, "இனி பீப்பாய் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பாட்டில் பக்கம் இரு" என்றார். இப்போது பாட்டில் கழுவுகிறேன், அக்கா. கெமிஸ்ட்ரி டிகிரியோடு. இந்த நாட்டில் நான் தங்கியிருக்க வருஷா வருஷம் அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது டிசம்பரில் முடிகிறது. உங்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறந்தீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் நம் சாப்பாட்டு மேசையில் பெரிய காகிதத்தை விரித்துவைத்து, முழுப் பள்ளிக்கூடத்தின் நேர அட்டவணையையும் யார் போடுகிறார்கள்? நீங்கள். கையெழுத்துப் போட்டு, மேலிடத்தில் பாராட்டு வாங்குவது யார்? உங்கள் ஹெட்மாஸ்டர். அந்தக் கூட்டத்தில் ஒருநாள் எழுந்து "எக்ஸ்கியூஸ் மீ சார்" என்று கேட்டதுண்டா? அடுத்தவள் பிழைப்பில்தான் உங்களுக்கு நியாயம் பொங்குமா?

அருந்ததி


டத்தோ கிராமாட்
19 செப்டம்பர் 1988

அருந்ததி,

தபால்காரர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்ததும் கேட்டில் நின்றபடியே படித்தேன். வீட்டுக்குள் போய்ப் படித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளி குணவதி டீச்சர் காய்கறிப் பையோடு பசாரிலிருந்து வந்து, "என்ன டீச்சர், பெர்த் எப்படி இருந்துச்சு? தங்கச்சி செய்ற வைன டேஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். "ரொம்பக் குளிர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆமாம், அட்டவணையை நான்தான் போடுகிறேன். அவர்தான் பெயர் வாங்குகிறார். எழுந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் வாயால் அதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. அப்பா போன பிறகு, அந்த ஹெட்மாஸ்டருக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டுதான் உன்னைப் படிக்க வைத்தேன். இதை இதுவரை நான் உன்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

நான் அவமானத்தை விழுங்கியவள். அதனால்தான் அது தொண்டையில் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உன் முகத்தில் அதைப் பார்த்தேன். கூட்டத்தில் அவர் என் அட்டவணையை வாசிக்கும்போது நான் ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அதே சிரிப்பு உன் முகத்தில். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நீ சொல்கிறபடி அது நியாயம் இல்லை, ஆத்திரம். சரி, ஆத்திரம்தான்.

கையெழுத்து விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. எங்கள் ஹெட்மாஸ்டரின் மானத்தைக் காப்பாற்ற நான் ஒருநாளும் உன்னைக் குடிகாரி என்று சொன்னதில்லை. என் வாயைத்தான் மூடினேன். நீ உன் வாயை மூடியிருந்தால் நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

வேலை போனால் வா. வீடு இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு எழுதாதே. ஏரோகிராம் தாளில் கேட்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

கமலாம்பிகை


டத்தோ கிராமாட்
28 அக்டோபர் 1988

அருந்ததி,

தீபாவளி வருகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபத்தில் எழுதாமல் இருக்கிறாய் என்றால் இருந்துகொள். உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் போன் செய். நூர் முகம்மது கடை நம்பர் உன்னிடம் இருக்கிறது, ஆளனுப்பிக் கூப்பிடுவார்.

எனக்கும் கோபம் தீரவில்லை. இந்த வருஷம் முறுக்கு அனுப்பவில்லை.

கமலாம்பிகை


மிட்லண்ட்
16 நவம்பர் 1988

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

போன மாதம் இங்கே ஒரு வைன் போட்டி. இன்னும் பாட்டிலில் அடைக்காத வைனுக்கும் பரிசு உண்டு. லாங்லி என் பீப்பாயிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. விருந்துக்கு அவரும் அவர் மனைவியும் போனார்கள். மறுநாள் பதக்கத்தைக் கொண்டுவந்து பாட்டில் கழுவும் அறை வாசலில் ஆணி அடித்து மாட்டினார். வேறு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை போலும். நான் போக வர அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் மிசிஸ் பாவிச் வந்தார். தன்னிடமிருந்து லாங்லி இரவல் வாங்கிய பம்பைத் திருப்பி வாங்க வந்தார். பம்பைத் தூக்கி வண்டியில் வைக்க நான் உதவி செய்தேன். அவர் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, ஏதோ நினைவு வந்தது போல என்னிடம் கேட்டார்.

"உன் அக்கா என் கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சொந்த பிளாஸ்கிலிருந்து டீதான் குடித்தார். இங்கே வந்ததும் குடித்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமாகவா குடித்திருந்தார்?"

லாங்லி பக்கத்தில்தான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கேள்வி அவர் காதிலும் விழுந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. ‘ஆமாம் என்று சொல்லிவிடு, எல்லாம் பழையபடி ஆகிவிடும்’ என்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தார். டிசம்பருக்கு அவர் போட வேண்டிய கையெழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் கடிதமும் ஞாபகம் வந்தது. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா, அக்கா? எங்கேயோ பினாங்கில் உட்கார்ந்துகொண்டு, இங்கே என் நாக்கைப் பிடித்து இழுக்கிறீர்களே என்று.

"இல்லை" என்றேன். "என் அக்கா வாழ்க்கையில் குடித்ததே கிடையாது. அவர் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் பொய் சொன்னேன்."

லாங்லி குழாயை மூடினார். "சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷ வேலை.

மிசிஸ் பாவிச் பதறிவிட்டார். "நான் சும்மாதான் கேட்டேன், சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடனே வேலை கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்தினேன். உங்களைத் திட்டினேன், அவரைத் திட்டினேன். ஒரே ஒரு சொல். அதை ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று பிறகு என்னைத்தான் அதிகம் திட்டினேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாளே வந்து கதவைத் தட்டினார். புருஷன் போன பிறகு தனியாகச் சமாளிக்க முடியவில்லையாம், இரண்டு பீப்பாய் கெட்டு வினிகராகிவிட்டதாம். லாங்லி கொடுத்ததில் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடியும் என்றார். கையெழுத்துப் போடச் சம்மதம் என்றார். தகரக் கொட்டகை வைத்திருக்கும் அம்மாளின் கையெழுத்தை இந்த அரசாங்கம் மதிக்குமா என்று தெரியவில்லை. எழுதிப் போட்டிருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே என்றீர்கள். கேட்கவில்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன். நீங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அருந்ததி


டத்தோ கிராமாட்
8 டிசம்பர் 1988

அருந்ததி,

ஜெயித்ததாக நான் எதற்கு நினைக்க வேண்டும்? என் தங்கைக்கு வேலை போயிருக்கிறது. அந்த மனிதர் சாவியைக் கேட்டாரே, பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாரா? கேட்டிருக்க மாட்டாய். நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இருந்திருக்கக் கூடாது என்பாய். சரி.

உன் கடிதத்தைப் படித்த அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஆகஸ்டிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. "நான்தான் பொய் சொன்னேன்" என்று சொன்னாய் பார், அது போதும். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆக்கினாய். அத்தனை நாளும் அந்தப் பள்ளத்தாக்கில் நான் குடிகாரியாக நடமாடியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இதை எழுதும் மேசையில்தான் அடுத்த வருஷ அட்டவணையும் விரித்துக் கிடக்கிறது. ஆமாம், இந்த வருஷமும் போடுகிறேன். போன வாரம் கூட்டம் நடந்தது. ஹெட்மாஸ்டர் வழக்கம்போல "நான் போட்ட அட்டவணை" என்றார். நீ அங்கே செய்ததைப் போல நானும் எழுந்து ஏதோ கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. வாய்வரை வந்தது. குணவதி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். எனக்கு ஐம்பது ஆகப் போகிறது. எல்லோருக்கும் எல்லாம் கைகூடாது. அதை வைத்து இனிமேல் என்னைக் குத்தாதே.

மிசிஸ் பாவிச்சிடம் நான் விசாரித்ததாகச் சொல். அரசாங்கத்திலிருந்து என்ன பதில் வந்தாலும் உடனே எழுது. முறுக்கு தனியாக வருகிறது, உடைந்திருந்தால் தபால்காரர்களைத் திட்டு.

கமலாம்பிகை


மிட்லண்ட்
21 மார்ச் 1989

அக்கா,

அறுவடை முடிந்தது. கை மறுபடியும் வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இந்த முறை மழை வரவில்லை, வெயில்தான் எரித்தது. மிசிஸ் பாவிச் இன்னும் பொறுக்கலாம் என்றார். நான் இன்றே பறிக்க வேண்டும் என்றேன். கொட்டகை வாசலில் நின்று இருவரும் கத்தினோம். அவருக்குக் கோபம் வந்தால் அவர் ஊர்ப் பாஷையில் பொரிவார். நான் தமிழில் பொரிந்தேன். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை, கடைசியில் அன்றே பறித்தோம். உங்களோடு சண்டை போட்டது போலவே இருந்தது.

தங்கும் அனுமதி இன்னும் வரவில்லை. முடிவு தெரியும்வரை இருக்கலாம் என்றிருக்கிறார்கள். மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். லாங்லி எனக்கு நற்சான்று தர முடியாது என்று எழுதிவிட்டாராம். அவர் நாசமாய்ப் போக என்று எழுத வந்தது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

ஆகஸ்டில் இங்கேயும் பீப்பாய் திறப்போம். இம்முறை உங்களை நான் கூப்பிடவில்லை. மிசிஸ் பாவிச் கூப்பிடுகிறார். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. நானே சொல்லிக்கொள்வேன்.

அருந்ததி


டத்தோ கிராமாட்
27 ஆகஸ்ட் 1989

அருந்ததிக்கு,

வந்து சேர்ந்தேன். நலம். நீ கட்டிக் கொடுத்த இட்லியைக் கோலாலம்பூரில் விமானம் மாறும்போது சாப்பிட்டேன். உப்பு இல்லை.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பெட்டிமேல் ஏறி நின்று, "இந்த வைனைச் செய்தது நான். பறிக்கும் நாளைக் குறித்ததும் நான்" என்று சொன்னாயே, உன் குரல் நடுங்கியது. எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்கலாமா என்று எனக்கு இருந்தது. வாயைத் திறக்கவில்லை, கவனித்தாயா? அப்போது லாங்லி கூட்டத்தின் பின்னால் வந்து நின்றார். கைத்தடி வைத்திருக்கிறார் இப்போது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, நாலு பேருக்குக் கேட்கும்படி, "இந்த வருஷம் உடம்பு தேவலையா, மேடம்?" என்றார்.

யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தாய். பதில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. "போன வருஷமும் நன்றாகத்தான் இருந்தேன்" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் சிவந்துவிட்டது. வாசல் பக்கம் நடந்தார். உன் வைனை ருசி பார்க்காமலேயே போய்விட்டார். போகட்டும். நானும் இம்முறை வாய் வைக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அருந்ததி. ஊர் மெச்சுகிறது, அது போதும்.

இனி நான் சொல்லாமல் வந்ததைச் சொல்கிறேன். அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி வந்துவிட்டது என்று அந்தக் காகிதத்தை நீ என் கையில் கொடுத்தபோது, "சந்தோஷம்" என்றேன். பொய். உன் கட்டிலில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. லாங்லி மேல் இல்லை, உன் மேலும் இல்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நீ அந்த மனிதரிடம் அலுத்துப்போய் என்றைக்காவது வீட்டுக்குத் திரும்பியிருப்பாய். நான் கேட்ட கேள்விதான் உன்னை அங்கேயே ஊன்ற வைத்துவிட்டது. என் வாயால் நானே செய்துகொண்டேன்.

உனக்கு வேலை போன செய்தி வந்த அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாக எழுதினேன். சாப்பிட்டுவிட்டு உன் அறையைத் துடைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அலமாரியில் இருந்த என் சேலைகளை எல்லாம் எடுத்து உனக்கு இடம் பண்ணிவைத்தேன். அதை எழுதவில்லை.

அது ஒன்பது மாதமாக அப்படியே கிடக்கிறது. நேற்று அந்த அறையை வாடகைக்குப் பேசிவிட்டேன். ஐரீன் என்று ஒரு பிள்ளை, தைப்பிங்கிலிருந்து வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் மீன், இறைச்சி சமைக்கக் கூடாது என்றேன். சரி என்றாள். திங்கட்கிழமை வருகிறாள்.

நீ விடுமுறைக்கு வந்தால் என் கட்டிலில் படுத்துக்கொள். நான் கீழே பாய் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா